தேடினால் வராத பெயர்

2009 ஜூன், செவ்வாய் இரவு.

சுனாமியில் காணாமல் போனவர்களுக்காக நான் நடத்தும் இணையத்தளத்தைப் போன மாதம் புதிய முகவரிக்கு மாற்றினேன். முன்பு ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்தந்த ஆளின் பெயரே தலைப்பாக இருந்தது. மாற்றியபோது எல்லாத் தலைப்பும் "முகப்பு" என்றாகிவிட்டது. நான் கவனிக்கவில்லை. தேடுபொறியும் அப்படியே எடுத்துக்கொண்டது.

இன்று பாண்டிருப்பு சரசு அக்கா என் கணினிக் கடைக்கு வந்தார்.

"தம்பி, ரூபன்ட பேர அடிச்சா ஒண்டும் வருகுதில்லையாம். கனடாவில இருந்து தங்கச்சி சொன்னவ. என்ட புள்ளய எடுத்துப் போட்டீங்களா?"

"இல்லக்கா, என்ட பிழை. இப்பவே திருத்துறன்."

அவர் முன்னாலேயே திருத்தினேன். தேடுபொறி எப்போது திரும்ப வந்து பார்க்கும் என்பது எனக்குத் தெரியாது. கிழமைக்கணக்கில் ஆகலாம். ஆனால், "ரெண்டு நாளில வந்திரும்" என்றேன்.

"ஓம் தம்பி. சுனாமியப்ப அவனுக்கு நாலு வயசு, தன்ட பேர் மட்டும்தான் சொல்லுவான். இப்ப சண்டையும் முடிஞ்சிட்டு. அவன வளக்கிற ஆரும் அந்தப் பேர அடிச்சுப் பாத்தா?"

அந்த ஆள் போன மாதமே தேடி, ஒன்றும் வராமல் விட்டிருந்தால், யா அல்லாஹ்...