சிவப்புக் கோட்டும் ஒரு சாக்கு சாமையும்

கொல்லிமலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இளமதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், மிளகுக் கொடியும் சுகம், உன் சுகத்தைத்தான் இங்கே ஊரே விசாரித்துக்கொண்டு நிற்கிறது. அது ஏன் என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், பாதியில் டவரும் போய்விடும். கோபத்தோடுதான் எழுதுகிறேன், கடைசிவரை படி.

இரண்டு மாதம் முன்னால் நீ என்ன சொன்னாய்? அயர்லாந்தில் உங்கள் ஆபீசில் எல்லாரும் ஒருநாள் முழுக்க அவரவருக்குப் பிடித்த பாட்டுக்காரர் மாதிரி உடுத்திக்கொண்டு வேலை பார்ப்பீர்கள், பார்க்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுவார்கள், அது காது கேளாத பிள்ளைகளுக்குக் கருவி வாங்கப் போகும், நம்ம பள்ளிக்கூடத்திலும் அப்படி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே, அதே தேதியில் நீங்களும் செய்யுங்கள் அப்பா என்றாய். நல்ல காரியம், நான் மறுக்கவில்லை. எனக்குப் பிடித்தவர் யார் என்று உனக்கே தெரியும், சேந்தமங்கலம் ஆர்க்கெஸ்ட்ராவில் பாடின பிரேம். சிவப்புக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, தோள்வரைக்கும் முடி. கோட்டுக்கு ஒரு தடவை, வாடகை டோப்பா முடிக்கு ஒரு தடவை என்று மலைப்பாதையின் எழுபது வளைவும் பஸ்ஸில் இறங்கி ஏறினேன், இடுப்பு இன்னும் சரியாகவில்லை. அம்மா அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாள், ஏனுங்க, இந்த வயசுல இது வேணுங்களா என்று. மகள் கேட்டிருக்கிறாள், நீ சும்மா இரு என்று அவள் வாயை அடைத்தேன்.

ஆனால் கண்ணு, நீ சொன்ன தேதி எந்தத் தேதி? மாரியம்மனுக்கு நோம்பி சாட்டி, திருவிழா தொடங்கின மூன்றாம் நாள்! நீ மறந்தாய், கோட்டு மும்முரத்தில் நானும் யோசிக்கவில்லை. நோம்பி சாட்டிவிட்டால் வேஷம் கட்டி வீடு வீடாகப் போகிறவன் வேண்டுதல்காரன் அல்லவா. முதல் வீட்டு வாசலில் நின்று பிரேம் மாதிரி கையைத் தூக்கி இரண்டு அடி பாடினேன், அந்த வீட்டு ரமேஷ்குமார் உள்ளே போய் முறத்தில் சாமை கொண்டுவருகிறான். காது கேளாத பிள்ளைகளுக்கு என்று ஆதியோடந்தமாகச் சொன்னேன். ஆமாங்க ஆமாங்க, நல்லபடியா ஆவட்டுங்க என்று என் துண்டில் கொட்டிவிட்டான். அடுத்த வீட்டில் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் திருநீறு கேட்கிறார்கள். டோப்பாவுக்குள் ஒரே அரிப்பு, கண்ணாடியில் வழி தெரியவில்லை, பிரேமைத் தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லை. ஒருவன் பேண்டு வாத்தியக்காரன் வேஷமா என்று கேட்டான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? சாயங்காலத்துக்குள் ஒரு சாக்கு சாமை சேர்ந்துவிட்டது. அதை விற்றுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றால் வேண்டுதல் தானியத்தை விற்கக் கூடாது என்கிறார் பூசாரி. கடைசியில் என் மிளகை விற்றுத்தான் பள்ளிக்கூடத்தில் கொடுத்தேன்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வேண்டுதல் யாருக்கு என்று கேட்டார்கள் பார், அதுதான் பொறுக்கவில்லை. நானும் அம்மாவும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம், அப்போது உனக்குத்தானே? இளமதிக்கு என்னங்க ஆச்சு என்று வாசலுக்கு வாசல் கேள்வி. மத்தியானத்துக்குள் உனக்கு வேலை போய்விட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டாய் என்று மூன்று கதை. இல்லீங்க, அவ நல்லா இருக்கறாளுங்க என்று சொல்லிச் சொல்லித் தொண்டையே கட்டிவிட்டது. கடைசியில் உன்னைத் தூக்கி வளர்த்த மாதம்மாள் வீடு. புள்ளைக்கு என்னன்னு வேண்டிக்கிட்டே சாமி என்று மெதுவாகத்தான் கேட்டாள். கண்ணாடியைக் கழற்றினேன். நாலு வருசமா எம்புள்ள ஊட்டுக்கு வரலீங்க, வரோணும்னு வேண்டியிருக்கறேன் என்று என் வாயில் வந்துவிட்டது. நான் நினைத்துச் சொல்லவில்லை, சத்தியமாக. அவள் ஒரு படி சாமை போட்டாள்.

வாயால் சொன்ன பிறகு அது வேண்டுதல்தான், விளையாட்டு இல்லை. யாருக்காக வாங்கினதோ அவர் கையால் முதல் பிடி போட்டால்தான் அம்மன் முன்னால் பொங்கல் பானை ஏறும், உனக்குத் தெரியாததா? நோம்பி முடிந்து ஒரு மாதம் ஆகிறது. சாக்கு நடுவீட்டில் கிடக்கிறது, அம்மா வாரா வாரம் வெயிலில் போட்டு எடுக்கிறாள், நீயும் வருஷா வருஷம் அடுத்த வருஷம் என்கிறாய். சாமைக்கு வண்டு பிடிக்கும் கண்ணு, எத்தனை வருஷம் காயப்போடுவது? எனக்கு எரிச்சலாக வருகிறது, அழுகையாகவும் வருகிறது. ஆபீசில் எடுத்த போட்டோ அனுப்பினாயே, நீ எந்தப் பாட்டுக்காரி என்று எங்களுக்குத் தெரியவில்லை, இளைத்துப்போனது மட்டும் தெரிந்தது.

அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு. டிக்கெட் எடுத்தால் தேதியை முதலில் அம்மாவிடம் சொல். கோட்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். நீ வரும் அன்றைக்கு அதையே போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பேன், இது என்னங்க வேஷம் என்று யாராவது கேட்டால் வேண்டுதல் பலிச்சிருச்சுங்க என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டோப்பாவைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கும்
உன் அப்பா வெள்ளையன்