கால் எட்டாத கிளட்ச்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? என் பாப்பாவுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நேற்று காலை டெலிவரிக்குக் கிளம்பினால் பிக்கப் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் ஹாரன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது. "பேட்டரிதாம்மா" என்று மெக்கானிக் புதுசு மாட்டினார். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தட்டிப் பார்த்தார். இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் நான்தான் கண்டுபிடித்தேன். கிளட்சை அடிவரை மிதித்தால்தான் இந்த வண்டி ஸ்டார்ட் ஆகும். முந்தின நாள் ஓட்டின நெட்டை டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருந்தான். என் கால் பாதிவரைதான் எட்டியிருக்கிறது, பதற்றத்தில் கவனிக்கவில்லை.

"காலேஜ் படிச்சும் கால் எட்டலையே!" என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேனேஜர் மட்டும், "லேட்டுன்னா லேட்டுதான்" என்று என் லீவை வெட்டிவிட்டார். நெட்டையனுக்கு ஒன்றுமில்லை.

பாப்பா பள்ளிக்கூடம் சேரும் நாளுக்கு இனி நான் வர முடியாது. அவள் கால் அளவைத் தாளில் வரைந்து அனுப்பு, ஷூ வாங்கி அனுப்புகிறேன். நான் வரவில்லை என்பதை நீயே சொல்லிவிடு. போன தடவை நான் போனில் சொன்னபோது அவள் அழக்கூட இல்லை. "சரி, வெச்சிடட்டுமா?" என்று கேட்டாள்.

லோடு ஏற்றக் கூப்பிடுகிறார்கள்.

உன் மகள்