அப்பாவின் இரும்பு மோதிரம்

காவாந்தண்டலம்,
18-9-1983.

அன்புள்ள தம்பி வேதகிரிக்கு,

அக்கா மலர்க்கொடி எழுதுவது. இங்கே நலம். கூச்சமில்லாமல் நலம் என்று எழுதுகிற அளவுக்கு நலம். பிலாயில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை நீ எனக்கு எழுதாமலே தெரிந்துகொண்டேன்.

அம்மாவுக்கு நீ போட்ட கார்டை மாகறலில் தபால்காரரே படித்துக் காட்டினாராம். அம்மா அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி இங்கே வந்துவிட்டாள். மூலச்சூட்டுக்கென்று அப்பா போட்டிருந்த இரும்பு மோதிரத்தைப் பார்சலில் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறாய். அதுவும் கடைசியில் ஒரே வரியில், அங்கே மழை பெய்கிறதைச் சொல்வது போல. "அப்பன் சூடு புள்ளைக்கு வராம எங்க போவும், மோதிரம் போட்டா அடங்கிடும்" என்று அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து மோதிரத்தை என் கையில் வைத்தாள். பார்சல் கட்டுவது என் வேலை.

நான் கட்டவில்லை.

சித்திரையில் எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்ததாக உனக்கு எழுதினோம். குடல்வால் இல்லை. பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள். "புது வேலையில கீறவன், அவன இன்னாத்துக்குப் பேஜார் பண்றது" என்று அம்மா தடுத்துவிட்டாள். தாமதமாகத்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

பவளம் பால் மறந்த பிறகு எனக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. நானும் மூலம் என்றுதான் நினைத்தேன். காலேஜில் விலங்கியல் படித்தவள் துத்தி இலையை வதக்கித் தின்றுகொண்டிருந்தேன். ஒருநாள் நாற்றங்காலில் மயங்கி விழுந்த பிறகு உன் மச்சான் பட்டணத்துக்கு அழைத்துப் போனார். பின்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், உங்கள் அப்பா எதில் இறந்தார் என்று கேட்டார். மூலம் முற்றி என்றேன். என்ன வயது என்றார். நாற்பது என்றேன். குடலின் உள்பக்கம் முழுக்க வேர்க்குரு போலக் கட்டிகளாம். விட்டுவைத்தால் அதில் ஏதாவது ஒன்று புற்றாகாமல் போகாதாம். அப்பாவுக்கு இருந்ததும் இதுவாகத்தான் இருக்கும், மூலமாக இருக்காது என்றார்.

ஆபரேஷனுக்கு முன்னால் கஞ்சித் தண்ணீரும் இளநீரும்தான். பவளத்துக்கு நான் முதல் வாய் தின்றால்தான் சோறு இறங்கும். வெறும் வாயை மென்று காட்டி அவளுக்கு ஊட்டினேன். ஆஸ்பத்திரியில் விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். பிறகு சோப்புத் தண்ணீர் எனிமா, வெறும் தண்ணீராகப் போகிற வரை.

கண் விழித்தபோது மூக்கில் குழாய், வயிற்றின் நடுவில் தையல். காற்றுப் பிரிந்ததா என்று தினமும் கேட்பார்கள். பிரிந்த அன்று, பிள்ளை பிறந்த செய்தி கேட்டவள் போல நர்ஸ் சிரித்தாள். சிறுகுடலைக் கீழே சேர்த்துத் தைத்துவிட்டதால் மலத்துக்கென்று வயிற்றில் பை எதுவும் கிடையாது. ஆனால் வீட்டுக்கு வந்த புதிதில் ஓயாமல் வெளிக்குப் போனது. ஏரிக்கரை வரை நடக்கத் தெம்பில்லை. உன் மச்சான் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கொல்லையில் குழி வெட்டி, தென்னங்கீற்றால் மறைப்புக் கட்டிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி வந்து, "இன்னாடி, குடலே இல்லாம துன்ற சோறு எங்க போய் நிக்குது?" என்று கேட்டாள். "நிக்கலக்கா, அதான் ஓடிக்கினே கீறேன்" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரித்தால் தையல் வலித்தது.

மோர்சாதமும் உப்புப் போட்ட கஞ்சியுமாக இப்போது மட்டுப்பட்டிருக்கிறது. களத்துக்குக்கூடப் போய் வருகிறேன்.

இது பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வரும், இரண்டு பேரில் ஒருவருக்கு வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். தம்பி இருக்கிறான், அவனுக்கு ஒன்றும் இல்லை, கல் தின்றாலும் செரிக்கும் என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு வந்து நிம்மதியாகத்தான் இருந்தேன், உன் கார்டு வரும் வரை.

பவளத்துக்குப் பத்து வயது ஆனதும் அவளுக்கும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

ஆகையால் மோதிரம் தபாலில் வராது. நூல் சுற்றி என் கட்டைவிரலில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு, "ஆம்பள மோதிரம் உனுக்கு இன்னாத்துக்குடி" என்று திட்டுகிறாள். உனக்கு வேண்டுமென்றால் நீயே வந்து கழற்றிக்கொள். முதலில் பட்டணம், அதே டாக்டர். உன் மச்சான் கூட வருவார். குழாய் விடுவதற்குக் கூச்சப்படாதே, பெண்பிள்ளை எனக்கே விட்டுப் பார்த்தார்கள்.

பவளத்துக்கு இன்னும் காது குத்தவில்லை. மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? தோடு வாங்கி வைத்தாகிவிட்டது. அந்தச் சின்னக் காதைத் தொட்டுப் பார்க்கிறபோதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

குடல் இல்லாமல் இருந்துவிடலாம், தம்பி. இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மாகறல் ஈஸ்வரன் உன்னைச் சீக்கிரம் ரயில் ஏற்றட்டும். பதில் எழுதிக்கொண்டு உட்காராதே. வா.

உன் வரவை எண்ணி,
அக்கா
மலர்க்கொடி