கறுப்பியின் உண்ணிக் காய்ச்சல்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து, தெருநாய்க் காப்பகத்தில் டீச்சருக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே! கறுப்பி என்ற நாய்க்கு உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்தால் பாக்டீரியா ரத்த அணுவுக்குள் போய், கடைசி பெஞ்சுப் பையனைப் போல ஒளிந்துகொள்ளும். ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிந்தது. பிழைக்குமா என்று பயந்தோம்.

அதன் காதிலிருந்த உண்ணியைப் பிடுங்கி, பேன் குத்துவது போல நகத்தில் நசுக்கிவிட்டேன். காப்பகத்து டாக்டரம்மா பதறினார்.

“ஐயோ டீச்சர், அது பேனா? அந்த ரத்தத்துலதான் கிருமியே இருக்கு. போய்க் கைய கழுவுங்க!”

கவலைப்படாதீர்கள், எனக்குக் காய்ச்சல் ஒன்றுமில்லை.

மதிய வெயிலில் கறுப்பி தூங்கிக்கொண்டே கால்களை அசைத்து எங்கோ ஓடும். பார்த்துக்கொண்டே இருந்தால் நானும் கூடவே ஓடி, நம் வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

இன்று எழுந்து சோறு தின்றது! ஆனால் அதற்கு விரித்துப்போட்ட என் சால்வையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. ஆள் வாசனை வேண்டுமாம். எனக்குப் போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

கறுப்பிக்கு மாத்திரை நேரம், டாக்டரம்மா கூப்பிடுகிறார்.

உங்கள்
டீச்சர்