பெரியப்பாவின் கிளை

அன்பும் மதிப்பும் நிறைந்த டாக்டர் அம்பாரோ அவர்களுக்கு,

அர்செசியோவின் மகள் யூரானி எழுதுவது. மெதெயின் நகரத்தில் நீங்களும் ஆய்வுக்கூடத்தில் உள்ளவர்களும் நலமா? இங்கே ஓயாத மழை. மாடுகள் நலம். அம்மா தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பால் லாரிக்காரர் இதை உங்களிடம் சேர்ப்பார். நான் எழுதியது வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது.

முதலில் நல்ல செய்தி. சனிக்கிழமை நீங்கள் ரத்தம் எடுக்க வரும்போது கில்தார்தோ பெரியப்பாவும் கை நீட்டப்போகிறார், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. நீங்கள் வரையும் எங்கள் வம்சப் படத்தில் காலியாகக் கிடக்கும் அந்தக் கிளை நிறைந்துவிடும். உங்களுக்குச் சந்தோஷம்தானே?

சண்டை உங்களுக்குத் தெரிந்ததுதான். தாத்தா இறந்தபோது, அவருடைய மறதி நோய்க்குக் காரணம் தேட மூளையைக் கேட்டீர்கள். அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். “எங்கப்பன அரைகுறையா பொதச்சவன்” என்று சொல்லிவிட்டுப் போன பெரியப்பா, அதன்பின் அப்பாவிடம் பேசவே இல்லை. நான் அப்போது கைக்குழந்தை. ஊர்ச் சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவர் வீட்டு வாசலை நான் மிதித்ததே கிடையாது.

போன மாதம் ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா நேராக அந்த வீட்டுக்குள் நுழைந்து, தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னாலேயே ஓடினேன். பெரியப்பா மரவள்ளி சீவிக்கொண்டிருந்தார், கையில் கத்தி.

“என்ன அண்ணே, பேயப் பாத்த மாதிரி நிக்கிற? சோளக்கஞ்சி ஊத்து. வெல்லத்த ஒளிச்சு வைக்காத, உன் கஞ்சத்தனம் எனக்குத் தெரியும்” என்றார் அப்பா.

பெரியம்மா அழுதுவிட்டார். பெரியப்பா அப்பாவை வெட்கங்கெட்டவன் என்று திட்டிக்கொண்டே, இருப்பதிலேயே பெரிய வெல்லக்கட்டியை எடுத்து வைத்தார். மாதா செய்த புதுமை என்று பாதிரியார் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் தினமும் டொமினோ ஆட்டம்தான். இரண்டு பேரும் ஏமாற்றுகிறார்கள், இரண்டு பேரும் கத்துகிறார்கள். அம்மா துணி துவைக்கும்போது பாடுகிறாள்.

எனக்கு மட்டும்தான் பயம். அப்பா ஒரே பசுவிடம் இரண்டு முறை பால் கறக்கப் போய், கருமி என்று அதைத் திட்டுகிறார். அவர் எப்போதும் விளையாட்டுக்காரர் என்பதால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எங்கள் வம்சத்தில் நாற்பதைத் தாண்டியதும் அந்த மறதி நோய் எப்படித் தொடங்கும் என்று எங்கள் பள்ளிக்கு வந்து நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அப்பாவுக்கு வயது நாற்பத்துமூன்று. அவர் அண்ணனை மன்னிக்கவில்லை, டாக்டர். சண்டை நடந்ததையே மறந்துவிட்டார்.

நேற்று மாலை கஞ்சி குடிக்கும்போது, “அப்பா இன்னும் வயல்லேருந்து வரலயா?” என்று பெரியப்பாவிடம் கேட்டார். பெரியம்மாவும் பிள்ளைகளும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை அப்பா பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, “வந்துருவாரு. நீ குடிடா தம்பி, ஆறுது” என்றார்.

கிளம்பும்போது என்னை மட்டும் கோழிக்கூண்டுப் பக்கம் அழைத்துப் போனார். “டாக்டரம்மா எத்தன ஊசி வேணாலும் போட்டுக்கட்டும், நான் வர்றேன். ஆனா சண்டைய மட்டும் யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்தக் கூடாது. இப்பத்தான் எந்தம்பி வீட்டுக்கு வந்திருக்கான்” என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கும் வருமா என்று கேட்கமாட்டேன். யாருக்கு வரும் என்று நீங்கள் யாரிடமும் சொல்வதில்லை என்று தெரியும். அம்மாவிடம் அப்பாவைப் பற்றி எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் உங்களுக்கே தெரியும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு முறை வரும்போதும் எல்லார் முன்னாலும் அப்பாவின் கையைப் பிடித்து, தாத்தாவின் மூளையைக் கொடுத்ததற்கு நன்றி சொல்வீர்கள். அதைக் கேட்டுத்தான் அப்பா தலை நிமிர்ந்து நிற்பார். இந்த முறை வேண்டாம், டாக்டர். மெல்லிய குரலில்கூட வேண்டாம். தாத்தாவைப் பற்றி அவர் கேட்டால், வயலில் இருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.

மழையில் மலைப்பாதை வழுக்குகிறது. மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்களை நம்பியிருக்கும்,
யூரானி