கண்ணாடியை ஒட்டாதீங்க

8 ஜூலை 2025, செவ்வாய்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால், நீங்கள் யாராக இருந்தாலும் சரி, மூடி எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். படித்தே தீருவேன் என்றால் படியுங்கள். ஆனால் அப்பாவிடம் காட்டாதீர்கள். அம்மாவிடமும் வேண்டாம். யாரிடமுமே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

அட்டையில் வேதியியல் என்று எழுதியிருக்கிறது. முதல் இருபது பக்கம் உண்மையிலேயே வேதியியல்தான்.

நான் லோகப்பிரியா. பெரியநாயக்கன்பாளையம், பதினொன்றாம் வகுப்பு. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு நான் மோகன்குமார்.

மோகன்குமார் என் அப்பா. மோட்டார் பம்புக்கு லேத்தில் உதிரிபாகம் கடையும் பட்டறையில் ஃபோர்மேன். போன வருடம் தன் பழைய போனை சிம்மோடு எனக்குக் கொடுத்தார், படிப்புக்கு. பழைய பொருள் விற்கும் தளத்தில் அவர் பெயரில் ஒரு கணக்கு அதில் திறந்தபடியே இருந்தது. எப்போதோ ஒரு பைக்கை விற்றிருக்கிறார். அதன் வழியாக நான் பழைய கைக்கடிகாரம் வாங்குகிறேன். சாவி கொடுத்தால் ஓடுகிறவை மட்டும். இதுவரை நான்கு. நான்கையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டால் மழை தூறுவது போல் கேட்கும்.

கோவையில் பழைய கடிகாரம் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அப்பா பெயரில்தான் இருக்கிறேன். நாற்பத்தோரு ஆண்கள். யாராவது போன் செய்தால் எடுக்க மாட்டேன். "பட்டறையில் சத்தம். மெசேஜ் மட்டும்." எல்லோரும் நம்புகிறார்கள்.

தெரிந்தால் அப்பா என்ன செய்வார்? அடிக்க மாட்டார். பேச மாட்டார். அதுதான் பயம்.


9 ஜூலை, புதன்

எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

வெள்ளகோவிலிலிருந்து மருதாசலம் என்று ஒருவர் ஒரு கடிகாரம் போட்டிருக்கிறார். இருட்டான ஒரே படம். கீழே ஒரு வரி: "பழைய வாட்ச், ஓடுது, கண்ணாடி தூக்கிக்குது, 600."

கண்ணாடி தூக்கிக்கொள்ளவில்லை. அது தூக்குவதற்காகவே செய்யப்பட்டது. பார்வை இல்லாதவர்களுக்கான கடிகாரம். கண்ணாடி மூடியைப் போலத் திறக்கும். உள்ளே எண்களுக்குப் பதிலாகப் புள்ளிகள் புடைத்திருக்கும். முள்ளை விரலால் தொட்டு மணி பார்ப்பார்கள். இதைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். குழுவில் ஒருவரிடமும் இல்லை. பத்து மடங்கு விலைக்கும் கொடுக்க மாட்டார்கள்.

அவருக்குத் தெரியவில்லை. பாவம், அவருக்குத் தெரியவே இல்லை.

ஆனால் எனக்கு நான்கு நிமிடம் முன்னால் அக்பர் அலி பாய் பார்த்துவிட்டார். குழுவில் இணைப்பைப் போட்டு "எனக்கு" என்று எழுதிவிட்டார். எங்கள் குழுவில் ஒரே ஒரு சட்டம்தான். முதலில் "எனக்கு" என்று எழுதியவருக்குத்தான் அந்தப் பொருள். மற்றவர்கள் விற்பவரிடம் பேசக்கூடாது. இதுவரை ஒருவரும் மீறியதில்லை.

நான்கு நிமிடம். பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.


10 ஜூலை, வியாழன்

செய்துவிட்டேன்.

குழுவில் எழுதினேன்: "அக்பர் பாய், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிகள் சீராக இல்லை. ரீடயல். பிற்பாடு யாரோ ஒட்டியிருக்கிறார்கள்."

ரீடயல் என்றால் முகப்பை மாற்றியோ பெயிண்ட் அடித்தோ ஏமாற்றுவது. எங்களுக்கு அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

இரண்டே நிமிடத்தில் பதில். "நீங்க சொன்னா அப்பீல் ஏதுங்க மோகன் சார். போன மாசம் அந்தப் போலியில மாட்டியிருப்பேன், நீங்கதான் காப்பாத்துனீங்க. இதையும் விட்டுட்டேன்."

உக்கடத்தில் தையல் மிஷின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். என் அப்பாவைவிட மூத்தவர். அவர் விட்டுவிட்டார் என்றதும் போர்வைக்குள் காலை உதைத்துக்கொண்டேன், அவ்வளவு சந்தோஷம். பிறகு "காப்பாத்துனீங்க" என்பதை மறுபடி படித்தேன். ஏன் படித்தேன்?


12 ஜூலை, சனி

எப்படி வாங்குவேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு கவின் என்ற பெயரில் இன்னொரு கணக்கு இருக்கிறது. கவின் மரியாதை தெரியாதவன். முதலில் போய், "இதெல்லாம் குப்பை, நூறு ரூவா தர்றேன்" என்பான். அடுத்த நாள் மோகன்குமார் சார் போவார். "வணக்கங்க, பொருள் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பழுது இருக்கிறதே" என்று ஆரம்பிப்பார். கவினுக்குப் பிறகு வருவதால் மோகன்குமார் சாரை யாருக்கும் பிடித்துவிடும்.

மருதாசலத்திடமும் அப்படித்தான். கண்ணாடி பெரிய பழுது, தூசி போகும், சரி செய்யச் செலவாகும் என்று எழுதினேன். முந்நூற்றைம்பதுக்கு ஒத்துக்கொண்டார்.

அவர் தட்டச்சு செய்வதில்லை, குரல் பதிவுதான் அனுப்புவார். காதில் ஒட்டவைத்துக் கேட்டேன். பின்னால் மாவு மில் ஓடும் சத்தம். "ஏனுங்க சார், நேத்து ஒருத்தன் வந்தானுங்க, கவினோ என்னமோ. வாயா அது? நீங்க எவ்வளவு பதமாப் பேசறீங்க. ஒரு பழைய ஹாஸ்டல் மேசையை ஏலத்துல எடுத்தனுங்க. இது அதோட டிராயர்ல கெடந்துச்சு. நமக்கு இதைப்பத்தி ஒண்ணுந் தெரியாதுங்க. நீங்க சொல்றதுதான் வெலை."

மூன்று முறை கேட்டேன். முதல் இரண்டு முறை சிரித்தேன்.


15 ஜூலை, செவ்வாய்

கூரியர் வேண்டாமாம். துடியலூரில் இருக்கும் மகளை ஆடிக்கு அழைத்துப் போக ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம், கையிலேயே கொடுத்துவிடுகிறாராம். "எனக்கு வேலை இருக்கிறது, என் பெண்ணைக் காந்திபுரத்துக்கு அனுப்புகிறேன்" என்று எழுதினேன். எனக்கு நானே மகளாகப் போகப் போகிறேன். உண்மையும் அதுதானே, ஒருவிதத்தில்?

ஹர்ஷிணி வீட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது.


17 ஜூலை, வியாழன்

இன்னும் மூன்று நாள். இயற்பியல் தேர்வில் மூன்றாம் கேள்வியையே பார்க்கவில்லை.


18 ஜூலை, வெள்ளி

ஐயோ.

சாயங்காலம் அவர் அனுப்பியது: "சார், கொறையோட ஒரு பொருளை உங்ககிட்டக் குடுக்க மனசு ஒப்பலீங்க. நாளைக்குக் காலைல பஸ் ஸ்டாண்டுகிட்ட வாட்ச் கடைக்காரர்கிட்டச் சொல்லிப்போட்டேன். பசை போட்டு அந்தக் கண்ணாடியைக் கெட்டியா ஒட்டிக் குடுத்துருவாரு. அதுக்கு நீங்க காசு தரக்கூடாதுங்க."

ஒட்டினால் செத்துது. திறக்கவே திறக்காது. பிரித்தால் புள்ளியோடு சேர்ந்து வரும். உலகத்துல எத்தனை மிச்சம் இருக்கோ, அதுல ஒண்ணு என் வாயால சாகப்போகுது.

எழுதினேன்: "வேண்டாங்க, அப்படியே கொடுங்கள்." பதில்: "அதெப்படிங்க." எழுதினேன்: "எங்கள் பட்டறையிலேயே ஒட்டிக்கொள்கிறேன்." பதில்: "உங்களுக்கு எதுக்குங்க செரமம்." எழுதினேன்: "எனக்குப் பழுதானதுதான் பிடிக்கும்." இதற்குச் சிரித்தார். "நல்லாத் தமாஸ் பண்றீங்க சார்."

நான் ஒரு பொய் சொன்னால் அவர் ஒரு மரியாதை செய்கிறார். எதைச் சொல்லி நிறுத்துவேன்? கண்ணாடி பழுதே இல்லை என்று சொன்னால் மட்டும்தான் நிற்பார். அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

கடை பத்து மணிக்குத் திறக்குமாம்.


19 ஜூலை, சனி

ஒன்பதரைக்கு எழுதிய மெசேஜை அவர் பார்க்கவில்லை. ஒன்பது நாற்பதுக்கு இன்னொன்று. அதையும் பார்க்கவில்லை. அப்பா பட்டறைக்குப் போயிருந்தார். மொட்டை மாடிக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, போன் செய்தேன். மோகன்குமாரின் மெசேஜ் மட்டுமே போன இடத்துக்கு என் குரல் போனது.

"சொல்லுங்க சார்."

"ஒட்டாதீங்க."

"ஏனுங்க, யாருங்க அம்மணி?"

"மோகன்குமார் பொண்ணுங்க. இல்லைங்க — மோகன்குமாரே நான்தானுங்க. கண்ணாடியை ஒட்டாதீங்க."

மூச்சு விடாமல் சொன்னேன். கண்ணாடி பழுதில்லை, திறக்கத்தான் செய்தது, கண் தெரியாதவர்களுக்கானது, எனக்கு முதல் நாளே தெரியும், விலையைக் குறைக்கப் பொய் சொன்னேன், கவினும் நான்தான். கடைசியில் அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. "இருங்க இருங்க, பசையைக் கீழ வையுங்க." கடை சீக்கிரமே திறந்துவிட்டிருக்கிறது.

"கண்ணு, அந்தக் கவினும் நீதானா?"

"ஆமாங்க."

"வாய் ஜாஸ்திதான் உனக்கு." கண்ணாடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "தொட்டே மணி பாப்பாங்களா இதுல?"

"பாப்பாங்க. சின்ன முள்ளை மொதல்ல தொடுங்க. மெதுவா, அழுத்தாதீங்க. பன்னெண்டுகிட்ட மட்டும் புள்ளி வேற மாதிரி இருக்கும்."

"இரு, கண்ணை மூடிக்கறேன்." அந்தப் பக்கம் பஸ் ஹாரன் மட்டும். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். "ஒம்போது தாண்டிப்போச்சு... பெரிய முள்ளு... ஒம்போதே முக்காலா?"

கண்ணைத் திறந்து போனைப் பார்த்தேன். 9:46.

"ஆமாங்க."

"அடேயப்பா," என்றார். கடைக்காரரும் வாங்கித் தொட்டுப் பார்த்திருக்கிறார். அவர் எட்டரை என்றாராம். இவர் சிரிக்கிறார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மூக்கு ஒழுகிக்கொண்டே.

பிறகு குரல் மாறியது. "வெள்ளகோவிலான் ஏமாளினு நெனச்சுப்போட்டியா கண்ணு?"

"நெனச்சனுங்க."

"ம்." அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அவர் பேர்ல பேசியிருக்க. நாளைக்கு மகளைக் கூட்டிக்கிட்டு நேரா உங்க ஊட்டுக்கே வாரேன். வெலையை அவர்கிட்டப் பேசிக்கறேன். நான் வாரதுக்குள்ள நீயே சொல்லிப்போடு. நான் சொன்னா நல்லா இருக்காது."

விலாசம் கொடுத்தேன். அதோடு, இதை முதலில் கேட்டவர் வேறொருவர், அவரை நான்தான் விரட்டினேன், கொடுப்பதென்றால் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றேன்.

மதியம் குழுவில் எழுதினேன். "அது ரீடயல் இல்லை. அசல். அக்பர் அலி பாய் விட்டுவிட வேண்டும் என்று பொய் சொன்னேன். நான் மோகன்குமார் இல்லை, அவர் மகள். பதினொன்றாம் வகுப்பு."

உடனே பதில் கொட்டியது. அதில் ஒருவர்: "என்னை ஆறு மாசமா 'தம்பி'ன்னு கூப்பிட்டது ஒரு பதினொண்ணாங்கிளாஸ் புள்ளையா? எனக்குப் பேத்தி இருக்குதுங்க." ஒருவர் என்னை நீக்கச் சொன்னார். நீக்கினார்கள்.

அக்பர் பாய் அதில் எதுவும் எழுதவில்லை. மாலையில் எனக்குத் தனியாக வந்தது. "போன மாசம் போலின்னு சொன்னியே, அது நெசமா? இல்ல அதையும் நீயே எடுத்துக்கிட்டியா?"

"அது நிஜங்க பாய். சத்தியமாங்க."

நெடுநேரம் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். வந்தது இவ்வளவுதான்: "அதைத்தான் ராத்திரியெல்லாம் யோசிக்கணும் நான் இனிமே. நாளைக்கு வர்றேன். விலாசம் அனுப்பு."

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சாப்பிடும்போது இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். "என்ன கண்ணு, பரிட்சை சரியா எழுதலையா?" என்றார். அதற்கு "ஆமாங்கப்பா" என்றேன்.


20 ஜூலை, ஞாயிறு, காலை

முதல் முறையாகப் பகலில் எழுதுகிறேன். கதவைக்கூடச் சாத்தவில்லை.

ஆறு மணிக்குச் சொன்னேன். அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே முழுதும் கேட்டார், பாதி முகத்தில் நுரையோடு. நான்கு கடிகாரங்களையும் கொண்டுவந்து வைத்தேன். போனையும் வைத்தேன். அவர் மீதி முகத்தையும் முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அந்தக் குரூப்ல நான் எப்படிப்பட்ட ஆளு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "வாட்சைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவருங்கப்பா. எல்லாரும் உங்ககிட்டத்தான் கேப்பாங்க."

"அப்பறம்?"

"பொய் சொன்னீங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு அம்மாவிடம் போய், "ரெண்டு பேர் வர்றாங்க, கூட ஒரு பொண்ணும். வெறும் காப்பி குடுத்து அனுப்ப முடியாது" என்றார். அம்மா ஒன்றும் கேட்காமல் ரவையை வறுக்கிறாள். கரண்டிச் சத்தத்திலேயே தெரிகிறது, பிறகு கேட்பாள்.

அப்பா தீபாவளிச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருக்கிறார். கூடத்தில் நாற்காலியை நகர்த்தி, மறுபடி நகர்த்தி, இப்போது அந்த நான்கில் ஒன்றை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. வந்தவர்கள் "மோகன் சார்" என்று கூப்பிட்டால் என்ன பதில் சொல்வாரோ. நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது. அவர்கள் கொண்டுவரும் கடிகாரத்தை ஒரே ஒரு தடவை, கண்ணை மூடி, என் விரலால் —

தட்டுகிறார்கள். அப்பா என்னைப் பார்க்கிறார். நான்தான் திறக்க