மச்சாது குடும்பத்து ஓலை

10 ஜனவரி 2025, அப்பாசியா, குவைத்

பூசை முடிந்து வந்ததும் வராததுமாக இவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டார். மகள் ஜெஸ்மிக்குப் பேசியிருக்கும் ரெனீஷின் குடும்பப் பெயர் வெள்ளைக்காரன் காலத்துச் சென்சஸில் இருக்கிறதா என்று தேடுகிறாராம். "நாம மச்சாது குடும்பம். அவனுக்கு அப்பனுக்க பேர விட்டா வேற என்ன இருக்கு?"

மச்சாதுவாம்! போர்த்துக்கீசியன் காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். இவர் பாஸ்போர்ட்டில் சர்நேம் இவருடைய அப்பா பெயர். என்னுடையதிலும் மகளுடையதிலும் இவர் பெயர், தேவசுந்தரம். வீட்டில் ஒருத்தர் பாஸ்போர்ட்டிலும் இல்லாத பெயருக்கு இவ்வளவு கொம்பா?

15 ஜனவரி

ஓலை எப்போது வாசிக்க என்று ஊர்ப் பங்குச்சாமி மறுபடி கேட்டுவிட்டார். மூன்று ஞாயிறு கோயிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசித்து, தடை யாரும் சொல்லாவிட்டால்தான் கல்யாணம். தவக்காலம் தொடங்கினால் ஈஸ்டர் வரை நடக்காது. ரெனீஷுக்குச் சவுதியில், யான்புவில் லீவு கிடைத்திருப்பதோ பிப்ரவரியில்தான். இவர், "சென்சஸ் கெடைக்கட்டும், பொறவு ஓலைக்குச் சொல்லலாம்" என்கிறார். விளங்கினாற்போலத்தான்.

16 ஜனவரி

ஜெஸ்மி இன்றும் சாப்பிடவில்லை.

24 ஜனவரி

அந்தச் சென்சஸை நானே உட்கார்ந்து பார்த்தேன். பக்கம் பக்கமாக எண்கள். எந்த ஜாதி எத்தனை பேர், மீன்பிடியில் எத்தனை பேர். ஒரு ஆளின் பெயர்கூடக் கிடையாது. வீடு வீடாகப் போய் எழுதிய தாள்களை யாரும் வைத்திருக்கவில்லையாம். இது இவருக்கு முதல் வாரமே தெரிந்திருக்கும்!

"அப்போ இத்தன நாளா என்னத்தத் தேடுனிய?"

இவர் லேப்டாப்பை என் முன்னாலிருந்து இழுத்து மூடினார். "அவனுக்க லீவு கழிஞ்சா எல்லாம் தானா அடங்கிரும்னு நெனச்சேன்."

ஆஸ்பத்திரி வார்டில் யார் கத்தினாலும் குரல் உயர்த்தாதவள் நான். இன்று போட்ட சத்தம் கீழ்க் கடை வரை கேட்டிருக்கும். கேட்கட்டுமே! பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டு இப்படி ஒரு நாடகமா? மனுசன்தானா இவர்?

26 ஜனவரி

டியூட்டிக்கு நடுவில் சாமியாருக்கு நானே போன் போட்டேன். "அப்பாவுக்குச் சம்மதமா?" என்றார். "எனக்குச் சம்மதம், பிள்ளைக்குச் சம்மதம். வாசிங்க ஃபாதர்."

2 பிப்ரவரி

ஊரில் முதல் ஓலை. இங்கே ஞாயிறும் வேலைநாள்தானே, தங்கை அனுப்பிய வீடியோவை ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜெஸ்மி சத்தமாக வைத்தாள். தேவசுந்தரம், சுகிர்தராணி ஆகியோரின் மகள் ஜெஸ்மி என்று சாமியார் வாசித்தார். தடை சொல்ல யாரும் எழவில்லை.

"மச்சாதுன்னு வாசிக்கலியா?"

"உங்க பேர வாசிச்சாங்கல்லா டாடி, அது போதாதா?"

இவர் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, கம்பெனியில் எத்தனை நாள் லீவு கேட்கணும் என்றார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஜெஸ்மிதான் சொன்னாள்.